திறப்பு விழாத் தண்ணீர்

மலையில் மண் சரிந்தால் மருந்துக்கு முன்னால் பழந்துணி வந்துவிடும். கொல்லிமலைக்கு நர்ஸாக வந்து இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பொதுச் சுகாதாரம் இதுதான். இந்தத் தடவை வந்த மூட்டையைப் பிரித்தால் ஜரிகை வைத்த மாப்பிள்ளைக் கோட்டு, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், ஏதோ ஒரு கல்லூரிப் பெண் பட்டம் வாங்கும்போது போட்டுக்கொண்ட கறுப்பு அங்கி. மாடும் வீடும் போனவர்கள் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள் என்று அனுப்பினவர்கள் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பீரோவும் காலியானது, மனசும் லேசானது.

ஐப்பசி மழை அப்போது விட்டபாடில்லை. திருப்புலி நாடு என்கிற ஊராட்சியில் மேல்வளவு என்ற குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மேடு ஒரு காலையில் மாட்டுக்கொட்டகை, கக்கூஸ் குழி, மிளகுக்கொடி ஏறிய மரங்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடையில் இறங்கியது. சத்தம் கேட்டதும் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களையும் பக்கத்து வளவுக்காரர்களையும் சேர்த்துக் கீழே இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு நிவாரண முகாம் என்று பெயர். மூன்றாம் நாள் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு பாறை உருண்டு வழி அடைபட்டது. எங்கள் டாக்டர் ஒரு கூட்டத்துக்கென்று இறங்கியவர் சேந்தமங்கலத்திலேயே மாட்டிக்கொண்டார். சிக்னல் கிடைக்கும்போது போனில் பேசுவார். மற்றபடி டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் நான் ஒருத்திதான்.

பழந்துணியோடு மருந்துப் பெட்டி என்று ஒன்றும் வந்திருந்தது. குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சலைன் என்று நான் தெளிவாகக் கேட்டிருந்தேன். திறந்து பார்த்தால் கொரோனா காலத்தில் மிச்சமான முகக்கவசங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு யாருக்கும் வயிற்றுப்போக்கு நின்றதாக நான் படித்ததில்லை. ஊராட்சியில் பிளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்று இருக்கிறது என்று தேடிப் போனேன். அது ஈரத்தில் ஊறி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து காவலாள் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்தான் விஷயம். பள்ளிக்கூடத்துக் குழாய் சரிவில் உடைந்துபோனதால் முகாமே ஓடைத் தண்ணீரைக் குடித்தது. மேல்வளவின் சாணமும் கக்கூஸ் குழியும் கரைந்து வருகிற ஓடை அது. கண்ணுக்குப் பளிங்கு மாதிரிதான் தெரியும். சீக்கிரமே குழந்தைகளுக்குப் பேதி பிடுங்கிக்கொண்டது. கோகிலாவின் மகள் தேன்மொழிக்கு மூன்று வயது. அவள்தான் முதலில் விழுந்தாள். கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. என்னிடம் இருந்த சலைன் பாட்டில்கள் கொஞ்சம். ஒரு குழந்தைக்கே அவ்வளவும் தேவைப்படும் போலிருந்தது. அடுத்ததாக நாலு குழந்தைகள் அதே மாதிரி விழுந்தால் அவர்களுக்கு ஏற்ற என்னிடம் எதுவும் கிடையாது. ஆம்புலன்ஸ் வர வழியும் கிடையாது. எனக்கு வந்த பயத்தைப் பயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முகாமுக்குப் பொறுப்பு அதிகாரி இளங்கோ. எந்தத் துறை என்று கேட்காதீர்கள், அந்தத் துறையில் நல்லவர்களும் இருப்பார்கள். அவ்வளவு மழையிலும் அவர் சட்டையில் இஸ்திரி கலையாமல் இருந்ததைப் பார்த்து முதலில் ஆச்சரியப்பட்டேன். வெளியே இறங்கினால்தானே கலையும். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலமானால் வீடியோவில் மேலதிகாரிகளோடு பேசுவார். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்பார். வயிற்றுப்போக்கு என்ற வார்த்தையை நான் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். அந்த வார்த்தை மேலே போனால் கேள்வி கேட்பார்களாம். அதனால் அதற்கு உணவு ஒவ்வாமை என்று பெயர் வைத்தார். குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிற மாதிரி சந்தோஷமாக வைத்தார்.

சரி, கேட்டது வராது என்று தெரிந்த பிறகு நான் ஒன்றை முடிவு செய்தேன். தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாமல் ஒரு சொட்டு ஒருவர் வாயிலும் போகக் கூடாது. இதற்கு அரசாணை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். விறகும் ஓர் அண்டாவும் போதும். பள்ளிச் சத்துணவு சமைக்கிற கண்ணாயி அண்டாவைக் கொடுத்தாள். முகாமில் இருந்த ஆட்கள் பள்ளி விறகுக் கொட்டகையிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவந்தார்கள். பள்ளி வராந்தாவின் ஓரத்தில் அடுப்பு மூட்டினோம்.

அப்போதுதான் இரண்டு பக்கத்திலிருந்தும் முட்டாள்தனம் என்னை நெருக்கியது. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. ஊர்க்காரர்களை முதலில் சொல்கிறேன், அவர்களை நான் கொஞ்சம் மன்னித்துவிட்டேன்.

அந்த வளவுகளில் காய்ச்சின தண்ணீர் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, தனி அடுப்பில் தனிப் பானையில் காய்ச்சி, தீட்டுக் கழிகிற வரைக்கும் கொடுப்பார்கள். அந்தப் பானையை மற்றவர்கள் தொட மாட்டார்கள். ஓர் ஆம்பிளை அதைக் குடித்துவிட்டால் தீர்ந்தது, சாகிற வரைக்கும் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் எத்தனையாவது மாசம் என்று கேட்பார்கள். நான் அண்டாவைக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் வைத்து, எல்லோரும் இதைத்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னபோது ஊர்க்கவுண்டர் மாணிக்கம் எழுந்தார். தேன்மொழியின் தாத்தா அவர். அவர் சொன்னால்தான் அந்த வளவில் விதைப்பு, அவர் சொன்னால்தான் கோயில் நோம்பி.

“ஏனுங்க நர்சம்மா, நாங்க என்ன புள்ள பெத்துட்டா வந்து இங்க படுத்திருக்கறோம்?” என்றார்.

கூடமே சிரித்தது. பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான், என் அண்டாவின் மானம் போயிற்று. கைக்குழந்தைக்காரிகள் சிலர் வந்து ஒளித்து வாங்கிப்போனார்கள். ஆண்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கே போனார்கள். கிருமி, கழிவு, காலரா என்று நான் தொண்டை வறளப் பேசினேன். படம் வரைந்து காட்டினேன். மாணிக்கம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ஓடற தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதுங்க என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி தேன்மொழி தாகத்தில் அனத்தினபோது அந்த மனிதர் பாசத்தில் உருகி, ஓடைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அவள் வாயில் ஊற்றியிருக்கிறார். காலையில் கோகிலா சொல்லி அழுதாள். நான் ஏற்றிக்கொண்டிருந்த சலைன் கைவழியாக உள்ளே போக, தாத்தாவின் பாசம் வாய்வழியாகப் போய் அதை வெளியே தள்ளியது. அவரை நாலு வார்த்தை கேட்டேன். அவர் முகம் சின்னதாகப் போயிற்று. ஆனாலும் அண்டாப் பக்கம் வரவில்லை. பேத்தியைவிட மீசை பெரிது.

இன்னொரு பக்கத்து முட்டாள்தனம் இஸ்திரி போட்டது. அதை மன்னிக்க மாட்டேன்.

வழி அடைபடுவதற்குள் மலை ஏறின வண்டிகளில் ஒன்றில் நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வந்திருந்தது. ஒரு பீரோ அளவு. அர்த்தனாரி என்று அடிவாரத்துப் பெரும் புள்ளி ஒருவர், கோழிப்பண்ணையும் போர்வெல் லாரிகளும் வைத்திருப்பவர், அவருடைய அம்மா பெயரில் நடத்துகிற அறக்கட்டளை அனுப்பியது. இயந்திரத்தின் முகப்பில் அந்த அம்மாவின் படம் சின்னதாகவும் அர்த்தனாரியின் படம் பெரியதாகவும் இருந்தது. தண்ணீர் வருகிற குழாய் அந்தப் பெரிய படத்தின் தாடைக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்ததும், ஆகட்டும், யார் தாடையிலிருந்து வந்தால் என்ன, தண்ணீர் நல்லதாக வந்தால் சரி என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் வந்தது.

குழாயைச் சுற்றிப் பாலிதீன் தாள் ஒட்டியிருந்தது. இயந்திரத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனைத் தொடக் கூடாது என்றார் இளங்கோ. ஐயா நேரில் வந்து திறந்துவைப்பார். வழி திறந்ததும் வருவார். அதுவரைக்கும் யாரும் கிட்டே போகக் கூடாது.

நான் கெஞ்சினேன், அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. இன்றைக்கு ரிப்பனைக் கழற்றி ஓட்டுவோம், அவர் வருகிற அன்றைக்குப் புது ரிப்பன் நானே வாங்கிக் கட்டுகிறேன் என்றேன். இன்ஜினியர் வேண்டுமென்றால் போனில் கேட்டு இணைப்புக் கொடுத்துவிடலாம் என்றேன். இளங்கோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அவங்க அம்மா பேர்ல கொடுக்கறாங்க சிஸ்டர். சென்டிமென்ட் விஷயம். நாம அவசரப்பட்டுத் தொட்டுட்டா நாளைக்கு அடுத்த உதவி வராது.”

குழந்தைக்குப் பேதி போகிறது, இவருக்குச் சென்டிமென்ட் போகிறது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. திறப்பு விழாவுக்காக வராந்தாச் சுவருக்கு வர்ணம் அடிக்கச் சொன்னார். டிஸ்டெம்பர் வாளிகளும் அதே வண்டியில் வந்திருந்தன. சலைன் ஏறாத மலையில் டிஸ்டெம்பர் ஏறியிருந்தது. சுவர் காய்ந்ததும் என் அடுப்பு அவர் கண்ணில் பட்டது. புகை பட்டால் சுவர் கறுத்துவிடும், அடுப்பை அணையுங்கள் என்று ஆளனுப்பினார். நான் போவதற்குள் அவருடைய ஆள் ஒரு வாளி ஓடைத் தண்ணீரை என் அடுப்பில் ஊற்றிவிட்டான்.

கண்ணாயி அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் பள்ளிக்குப் பின்னால், இடிந்த சைக்கிள் கொட்டகைக்குள் வைத்தாள். மூன்று கல்லை நகர்த்திப் போட்டு மறுபடியும் மூட்டினாள். யாரும் குடிக்காத தண்ணீரை எதற்கம்மா மெனக்கெட்டுக் காய்ச்சுகிறாய் என்று எரிச்சலில் அவளிடம் கேட்டுவிட்டேன். நீங்க காச்சச் சொன்னீங்க, காச்சறேன் என்றாள். அவளும் அதைக் குடித்ததாகத் தெரியவில்லை.

தேன்மொழி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். கோகிலா அவளை விட்டு நகரவே இல்லை. மாமனார் மாணிக்கம் பக்கத்தில் வந்தாலே சொம்பைத் தட்டிவிடுவாள். கடைசிப் பாட்டில் பாதி இறங்கியபோது குழந்தை பாயை நனைத்தாள். கோகிலா கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். உடம்பில் நீர் தங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மூத்திரம் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்படுகிறவர்கள் எங்கள் தொழிலில்தான் உண்டு. நான் அந்த ஈரப் பாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டில் காலியானது. அதற்கப்புறம் கையில் ஒன்றுமில்லை. கூடத்தில் மேலும் சில குழந்தைகள் இரண்டு தடவை, மூன்று தடவை என்று போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைப் படுக்கையில் விழாமல் காப்பாற்ற என்னிடம் இருந்தது சைக்கிள் கொட்டகையின் அண்டா மட்டும்தான்.

பொக்லைன் வந்து பாறையைத் தள்ளி, ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்தார்கள். முதலில் ஆம்புலன்ஸ் வரும் என்று நான் நினைத்திருந்தேன். முதலில் வருவது அர்த்தனாரியின் கார் என்று போன் வந்தது. ஆம்புலன்ஸும் மருந்து வண்டியும் அவருக்குப் பின்னால் வரும், ஒரே வழி என்பதால் ஐயா போய்ச் சேர்ந்த பிறகு விடுவார்கள் என்று சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். கோபப்படுவதற்கும் ஓர் அளவுக்குமேல் தெம்பு வேண்டுமே.

அன்று காலை நான் இயந்திரத்தைத் தாண்டிப் போகும்போது அதன் பின்பக்கக் கதவு திறந்திருந்தது. இளங்கோவின் ஆட்கள் இரண்டு பேர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மேல்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து என்று கேட்டேன். ஓடையிலிருந்துதான் என்றார்கள். மின்சார வயர் சுருட்டினபடியே தொங்கியது. வடிகட்டி உருளைகள் அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. மேல்தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் குழாயை நேராகச் செருகியிருந்தார்கள்.

நான் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். இளங்கோ கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார். இன்ஜினியருக்குக் காய்ச்சல், வர முடியவில்லை, நாளைக்கோ மறுநாளோ வந்து இணைப்புக் கொடுப்பார் என்றார். விழாவைத் தள்ளிப்போட முடியாது. ஐயா திறக்கும்போது குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் வர வேண்டும், போட்டோவுக்கு. அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் வந்து இதைப் பிடித்துக் குடிப்பார்களே, சுத்தத் தண்ணீர் என்று நம்பிக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்களே என்றேன்.

“இத்தனை நாளும் இதைத்தானே சிஸ்டர் குடிச்சாங்க” என்றார். சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “விழா முடியற வரைக்கும் நீங்க வாயத் திறந்தா மெமோ வரும். உங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன்.”

அந்த மனிதனைத் திட்டுவதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை. வெளியே வந்து நின்று யோசித்தேன். நானாகக் கத்தினால் மெமோதான் மிஞ்சும், மாணிக்கத்தின் கூட்டம் மறுபடி ஒரு தடவை சிரிக்கும். அர்த்தனாரியிடமே சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. பணக்காரன் ஒருவன் ஒரு சத்தம் போட்டால் பத்து நிமிஷத்தில் அத்தனையும் நடக்கும். அவன் பெயரும் அவன் அம்மா பெயரும் எழுதின இயந்திரத்தில் கழிவுத் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தால் போடமாட்டானா சத்தம்?

அர்த்தனாரிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலெல்லாம் மோதிரம். வந்து இறங்கினதும் எல்லோரையும் கும்பிட்டார், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பெண்களிடம் கேட்டார், ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். இந்த ஆளிடம் சொல்லலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. வராந்தாவில் மேஜை போட்டு, அதன்மேல் துணி விரித்து, வெள்ளி டம்ளர் ஒன்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் இயந்திரம். ஜனங்களை எதிரே முற்றத்தில், தார்ப்பாயில் உட்கார வைத்திருந்தார்கள். மாணிக்கம் முன் வரிசையில், மடியில் தேன்மொழி. குழந்தை எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். இயந்திரத்தைக் காட்டித் தண்ணி, தண்ணி என்று அனத்திக்கொண்டிருந்தாள்.

ரிப்பன் வெட்டினார். கைதட்டினார்கள். பாலிதீனை உரித்துக் குழாயைத் திருகினார். பளிங்கு மாதிரித் தண்ணீர் வந்தது. டம்ளரைப் பிடித்து நிரப்பினார். போட்டோக்காரர் தயாரானார். நான் மருந்துப் பையைச் சரிசெய்கிற மாதிரிப் பக்கத்தில் போய், அவர் காதருகே குனிந்தேன்.

“ஐயா, குடிக்காதீங்க. இது ஓடைத் தண்ணி. மிஷின் ஓடவே இல்லை.”

அவர் டம்ளரைப் பார்த்தார். இளங்கோவைப் பார்த்தார். இளங்கோ தரையைப் பார்த்தார். இதோ சத்தம் போடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. முகத்தில் இருந்த சிரிப்புகூட மாறவில்லை. டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த டிரைவர் இதற்கென்றே பழக்கப்பட்டவன் போல, காரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துவந்து மேஜைக்குக் கீழாக நீட்டினான். அர்த்தனாரி டம்ளரை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்க் காலடியில் கவிழ்த்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து, ஒரு மடக்கு நிதானமாகக் குடித்தார். பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

“தேனாட்டம் இருக்குதுங்க. இனிமே நீங்களும் உங்க கொழந்தைங்களும் இதையே குடிங்க. எங்க அம்மா உங்களக் காப்பாத்துவாங்க.”

எனக்கு அருவருப்பாக இருந்தது. இளங்கோ கோழை, அது தெரிந்த விஷயம். இந்த ஆள் தெரிந்தே, தன் வாய்க்கு ஆகாது என்று கீழே ஊற்றின தண்ணீரை, அடுத்த மூச்சிலேயே குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்கிறான். அதுவும் அம்மா பெயரைச் சொல்லி. எத்தனையோ வியாதிகளைக் கையால் தொட்டிருக்கிறேன், இவ்வளவு குமட்டினதில்லை.

ஆனால் மேடையில் நிற்கிறவர்களுக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. மேஜைத்துணி தங்களை மறைக்கிறது என்று நம்புவார்கள். வராந்தா உயரம், முற்றம் தாழ்வு, துணி தொங்கியது பாதிக்குத்தான். தரையில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கு மேஜையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் நன்றாகத் தெரியும். பாட்டில் வந்தது, டம்ளர் கவிழ்ந்தது, பளபளக்கிற செருப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடியது, எல்லாவற்றையும் முன் வரிசை பார்த்தது. முன் வரிசை பார்த்ததைப் பின் வரிசை கேட்டுக்கொண்டது.

ஒவ்வொருவராக வந்து தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று இளங்கோ அறிவித்தார். ஒருவரும் எழவில்லை. மறுபடி அறிவித்தார். கூச்சப்படாதீர்கள் என்றார். தேன்மொழி மட்டும் தண்ணி, தண்ணி என்று கையை நீட்டினாள். மாணிக்கம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்தார். போட்டோக்காரர் ஓடி வந்தார். அர்த்தனாரி ஒரு டம்ளரைப் பிடித்துக் குழந்தையை நோக்கி நீட்டினார். ஒரு சலைன் பாட்டில்கூட என்னிடம் இல்லை.

மாணிக்கம் அந்த டம்ளரைத் தாண்டி நடந்தார். வராந்தாவைச் சுற்றிப் பள்ளிக்குப் பின்னால் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து வந்தார்கள். சைக்கிள் கொட்டகையில் கண்ணாயி அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாணிக்கம் சொம்பை நீட்டினார். அவள் மொண்டு ஊற்றினாள். அத்தனை பேர் பார்க்க, வளவின் ஆம்பிளைகள் பார்க்க, பெண்கள் பார்க்க, முதலில் அவர் குடித்தார். சூடு தொண்டையில் பட்டு முகம் கோணியது. பிறகு ஊதி ஆற்றிப் பேத்தியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். எத்தனையாவது மாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆக, நான் வரைந்த படம், நான் பேசின பேச்சு, எங்கள் இலாகாவின் அத்தனை சுவரொட்டிகளும் செய்யாத காரியத்தை ஒரு கோழிப்பண்ணை முதலாளியின் பாட்டில் செய்துவிட்டது. பெரிய மனிதன் விஷயத்தில் அவன் வாய் சொல்வதை நம்பாதே, அவன் தொண்டையில் இறங்குவதை நம்பு என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வெற்றிபெற்றவள் மாதிரி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். உதட்டில் ஏளனச் சிரிப்பும் வந்திருக்க வேண்டும்.

மாணிக்கம் சொம்பைக் கண்ணாயியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“ஏனுங்க நர்சம்மா, அந்தப் பெரியவரு காதுல போய்ச் சொன்னீங்களே, அத எங்களுக்குச் சொல்லோணும்னு தோணலீங்களா?”

எனக்குப் பதில் நிறைய இருந்தது. காய்ச்சிக் குடி என்று நான் தொண்டை கிழியச் சொன்னபோது சிரித்தது யார் என்று கேட்டிருக்கலாம். மெமோவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நேராக வராந்தாவுக்கு நடந்தேன். அர்த்தனாரி காரில் ஏறிக்கொண்டிருந்தார், இளங்கோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக் மேஜைமேல் கிடந்தது, அணைக்கவில்லை. எடுத்தேன்.

இந்த மிஷினில் இருப்பது ஓடைத் தண்ணீர், இது இன்னும் ஓடவே இல்லை, இதை யாரும் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். இளங்கோ கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் நிறுத்தாமல் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். என் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. முற்றத்தில் தார்ப்பாய் காலியாகக் கிடந்தது. எல்லோரும் சொம்போடு பின்னால் அண்டாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.